உப்பிட்டு வைத்த புருஷன்

பால்துரை செத்து, பதினாறாம் நாள் கருமாதியும் முடிந்து, பந்தலைப் பிரித்து, வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுத்து, வந்த சொந்தமெல்லாம் சொல்லிக்கொள்ளாமல் அவரவர் ஊருக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் சாயங்காலம், அவன் தன்னைப் புதைத்தபோது கட்டியிருந்த வேட்டியோடு உப்பள வரப்பின் மேல் நடந்து வந்து, வாசல் கல்லில் காலைத் தட்டி மணலை உதிர்த்துவிட்டு, தன் வீட்டுக்குள் நுழைந்து, தன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் பெண்டாட்டி செல்வக்கனி அப்போது துணிப்பைக்குள் இரண்டாவது சேலையை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அவன் பையைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான்.

"ஏட்டி, எங்க போற?" என்று கேட்டான்.

இருபது வருஷத்துக்கு மேல் கேட்டுவந்த அதே கேள்விதான். தொண்டையில் மண் இருந்ததால் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். "எங்கயும் இல்ல" என்று அவளும் இருபது வருஷமாய்ச் சொன்ன பதிலையே சொல்லிவிட்டு, பையை ஆணியில் மாட்டிவிட்டு உலை வைக்கப் போனாள்.

சங்குமேட்டில் இதைக் கேட்டு யாரும் வாயைப் பிளக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நம்மவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்வதில்லை, போவதையும் வருவதையும் சேர்த்து முடிச்சுப் போட்டு 'போயிட்டு வாரேன்' என்பார்கள், வழியனுப்புகிறவர்களும் 'போயிட்டு வாங்க' என்பார்கள். சாவு வீட்டில் மட்டும் அந்தப் பேச்சு கூடாது. துக்கம் கேட்க வந்தவர் வாயைத் திறக்காமல் எழுந்து போக வேண்டும், பாடை கிளம்பும்போது பெண்கள் அழலாம், மாரிலடிக்கலாம், செத்தவனை நாலு கேள்வி நறுக்கென்று கேட்கவும் கேட்கலாம், ஆனால் வா என்று மட்டும் எவர் வாயிலிருந்தும் வந்துவிடக் கூடாது.

செல்வக்கனி வாயிலிருந்து வந்துவிட்டது. பால்துரை தினமும் காலையில் உப்பளத்துக்குக் கிளம்பினாலும் சரி, அளத்துக்குப் போவதாய்ச் சொல்லி ஒயின்ஷாப்புக்குக் கிளம்பினாலும் சரி, அவள் வாசலில் நின்று 'போயிட்டு வாங்க' என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அவன் திரும்பி வந்து ஏன் சொல்லவில்லை என்று கேட்பான், கேட்கும்போது கை சும்மா இருக்காது. அப்படிப் பழகிய நாக்கு. தெருமுனையில் பாடையைத் தூக்கித் தோளில் வைத்ததும், தலைவிரி கோலமாய் நின்ற அவள் யாரும் எதிர்பாராமல் "போயிட்டு வாங்க" என்றாள். பெண்கள் நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். பால்துரையின் தங்கை தங்கபுஷ்பம் ஓடிவந்து அண்ணியின் வாயைப் பொத்தினாள். சொல்லும் சிந்திய பாலும் ஒன்று, அள்ள முடியுமா.

வாய் அப்படிச் சொன்னபோது மனசு என்ன சொன்னது என்பது செல்வக்கனிக்கு மட்டுமே தெரியும். தினமும் வாசலில் நின்று 'போயிட்டு வாங்க' என்று அவள் சொன்ன ஒவ்வொரு காலையிலும், 'வராமலே போயிரு' என்று உள்ளே ஒன்று சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அவன் பாத்தி வரப்பில் குடித்து விழுந்து, உப்புத் தண்ணீரில் முகம் குப்புறக் கிடந்து செத்தான் என்று சேதி வந்தபோது அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, தூக்கம். அந்தப் பதினாறு நாளும் அவள் மூலையில் முக்காட்டுக்குள் காலை நீட்டித் தூங்கினாள், ஊர் அதைத் துக்கம் என்று நினைத்தது.

முதலில் வந்து பார்த்தவர் ஊர்த் தலைவர் ஜெயபாண்டி. நாற்காலிக்கு எதிரே குந்தி, பால்துரையை மேலும் கீழுமாய்ப் பார்த்து, "என்னப்பா, எப்படி இருக்க?" என்று கேட்டார். "இருக்கேன்" என்றான் பால்துரை. தலைவர் வெளியே வந்து கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "குடிக்கல. கை நீட்டல. மரியாதையா பதில் சொல்லுதான். உசுரோட இருக்கும்போது இவ்வளவு நல்லவனா நம்ம யாரும் பாக்கலியே."

அதற்குப் பிறகு ஊர் அவனை எடுத்துக்கொண்டது. ரேஷன் கடைக்காரர் அட்டையில் பேரை அடிக்கவேண்டிய வேலை மிச்சம் என்றார். உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது இரண்டு கட்சிக்காரர்களும் ஆட்டோ அனுப்பி அவனைக் கூட்டிப்போனார்கள், சங்குமேட்டில் செத்தவர்கள் ஓட்டுப் போடுவது புதிதில்லை, நேரில் வந்து போட்டதுதான் புதிது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாடைக்குச் சாம்பிராணி போட்டார்கள், பழகியதும் அதையும் விட்டார்கள்.

தாலி விஷயம்தான் கொஞ்சம் இழுத்தது. கருமாதியன்று அறுத்த தாலி பால் செம்பில் கிடந்தது. புருஷன் செத்தவள்தான், ஆனால் புருஷன் வீட்டில் இருக்கிறான், இவளை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்று பெண்களுக்குள் ஒரு வாரம் பேச்சு நடந்து, கடைசியில் "கட்டினவன் கண்ணு முன்னால இருக்கும்போது அவ எப்படி அறுத்தவ ஆவா" என்று தலைவர் தீர்ப்புச் சொல்ல, ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பால்துரை தன் சில்லிட்ட விரல்களால் மறுபடி மஞ்சள் கயிற்றைக் கட்டினான். மூன்றாவது முடிச்சைத் தங்கபுஷ்பம் போட்டாள். அந்த விரல் பட்ட இடத்தில் செல்வக்கனியின் கழுத்து நாலு நாள் குளிர்ந்து கிடந்தது, யாரிடமும் அவள் சொல்லவில்லை.

ஆனாலும் செத்த உடம்பு செத்த உடம்புதான். வந்த மூன்றாம் நாளே காதுக்குக் கீழே ஊதியது, விரல் நுனி கறுத்தது. செல்வக்கனி அளத்தில் உப்பு வாருகிறவள், மீனை எது கெடாமல் வைக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு ஓலைக் கடகம் நிறைய உப்பை அள்ளிவந்து அவனைச் சட்டையைக் கழற்றச் சொல்லித் தலைமுதல் கால்வரை தேய்த்தாள். ஊதியது வற்றியது, கறுத்தது வெளுத்தது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அதுவே வேலையாயிற்று. பகலெல்லாம் அளத்தில் வெயிலில் நின்று உப்பு வாரி, விரலிடுக்கெல்லாம் வெடித்து, அந்த வெடிப்போடு வீட்டுக்கு வந்து, தன் முகத்தைக் கழுவுமுன் அவன் முதுகில் உப்பைத் தேய்க்க வேண்டும், அக்குளில், முழங்கால் மடிப்பில், கண்ணிமை ஓரத்தில் தேய்க்க வேண்டும், அவன் "அங்க, இன்னும் கொஞ்சம் கீழ" என்று சொல்வான். உப்பு பட்டுப் பட்டு அவன் வெள்ளைவெளேரென்று தேறினான், இவள் கறுத்து வற்றினாள். ஒரு பிடி உப்பை மடியில் கட்டினாலே வேலையைவிட்டு நிறுத்துகிற அளத்து முதலாளி, பால்துரைக்கென்றால் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டார், அந்தப் புண்ணியத்தில் தனக்கும் பங்கு உண்டு என்று அவர் நம்பினார்.

நம்பிக்கை என்றால் சாதாரண நம்பிக்கை இல்லை. பத்தினி வாக்கு எமனையே திருப்பிவிட்டது என்று பேச்சு பரவி, கடலுக்குப் போன புருஷன்மார், கப்பலுக்குப் போன புருஷன்மார், லாரியில் போன புருஷன்மார் ஆகியோரின் பெண்டாட்டிகள் வெள்ளிக்கிழமை தோறும் வர ஆரம்பித்தார்கள். செல்வக்கனி கையால் குங்குமம் வாங்கிக்கொண்டு, அவள் வாயால் "போயிட்டு வா" என்று கேட்டுக்கொண்டு போனால் வீட்டுக்காரர் பத்திரமாய்த் திரும்புவார். தெருவில் பூக்கடை வந்தது, டீக்கடை வந்தது, செருப்புக்கு ஒரு ஆள் உட்கார்ந்தான். பால்துரை நாற்காலியை வாசலுக்கே போட்டுக்கொண்டு எல்லோரையும் பார்த்துத் தலையசைத்தான். அவன் வாய் திறந்து கேட்டதெல்லாம் ஒன்றுதான். செல்வக்கனி தண்ணீர்க் குடத்தோடு கிளம்பினாலும், விறகுக்குக் கிளம்பினாலும், கொல்லைப் பக்கம் போனாலும், "ஏட்டி, எங்க போற?"

அந்தக் கேள்விக்குக் கயிறு தேவையில்லை, அவள் கால் தானாகவே நின்றுவிடும். அவன் உயிரோடு இருந்த காலத்தில், அவளுடைய அம்மா சாகக் கிடக்கிறாள் என்று ஆள் வந்த அன்றைக்குச் செருப்பை மாட்டியவளை இந்தக் கேள்விதான் நிறுத்தியது. அடிக்கக்கூட இல்லை, கேட்டான், அவள் "எங்கயும் இல்ல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அம்மாவின் முகத்தைக் கடைசியாய்ப் பார்க்கவில்லை. அம்மாவின் போட்டோ ஒன்று இப்போது ஆணியில் தொங்கும் பைக்குள் இருந்தது.

பையைக் கட்டச் சொன்னவள் எஸ்தர். முன்பு இவளோடு அளத்தில் வேலை பார்த்தவள், இப்போது நாகர்கோவிலில் பெண்பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை. புரட்டாசிக் கடைசியில் அவள் மறுபடி போன் செய்தாள்.

"கனி, மழை விழுந்தா அளம் நிக்கும்லா, அதுவரைக்கும் ஒனக்கு எடம் புடிச்சு வச்சிருக்கேன். கார்த்திகை பொறந்துட்டுன்னா வார்டனம்மா வேற ஆளப் போட்ருவாவ. அதுக்கு மேல என் கையில இல்ல பாத்துக்க."

"அவுக வந்துட்டாவளே, எஸ்தர்."

"கேள்விப்பட்டேன்" என்றாள் எஸ்தர். "நீதான கூப்பிட்ட. நீதான் அனுப்பணும்."

அதைச் செல்வக்கனி பிடித்துக்கொண்டாள். போங்க என்று ஒரு சொல் சொன்னால் போதும். மறுநாள் காலையில் உப்புத் தேய்த்த முதுகுக்குப் பின்னால் நின்று, எச்சிலை விழுங்கி, வாயைத் திறந்தாள். "போயிட்டு வாங்க" என்று வந்தது. "எங்கயும் போகலியே" என்றான் பால்துரை. இன்னொரு நாள் முயன்றாள், அதுவே வந்தது. அளத்தில் யாருமில்லாத பாத்தியில் நின்று காற்றைப் பார்த்து 'போங்க, போங்க' என்று சொல்லிப் பார்த்தாள், அங்கே நன்றாக வந்தது. வீட்டு வாசலை மிதித்ததும் நாக்கு பழைய தடத்தில் விழுந்தது. நாக்கின் மேல் அவளுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது, ஒருநாள் ஒரு கல் உப்பை நாக்கில் வைத்துக் கரையும்வரை நின்றாள்.

ஐப்பசி முதல் வெள்ளிக்கிழமை அருள்செல்வி என்ற பெண் வந்தாள். உள்நாட்டு ஊர்க்காரி, கல்யாணமாகி வருஷம் திரும்பியிருக்காது, கூட்டமெல்லாம் போகட்டும் என்று வேலியோரம் காத்திருந்து கடைசியாய் வந்தாள். குங்குமத்துக்குக் குனிந்தபோது முந்தானை விலகியது, கழுத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தன.

"அக்கா, எல்லாரும் வரதுக்குக் கேக்காங்க" என்றாள் மெல்ல. "வராம இருக்க என்ன சொல்லணும்?"

இந்த உலகத்தில் செல்வக்கனியிடம் கேட்கப்பட்ட ஒரே நியாயமான கேள்வி அதுதான், பதிலும் அவள் நெஞ்சிலேயே இருந்தது, 'போயிரும்மா, அந்த வீட்டுக்குத் திரும்பாத, எங்கயாவது போயிரு' என்று சொன்னால் போதும். பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. தங்கபுஷ்பம் தாம்பாளத்தோடு நின்றாள், தலைவர் பூக்கடையில் நின்றார். செல்வக்கனி குங்குமத்தை எடுத்து அந்த நெற்றியில் வைத்து, "எல்லாம் சரியாயிரும். போயிட்டு வா" என்றாள். அந்தப் பெண் ஒரு நிமிஷம் அவளையே பார்த்துவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் பூக்காரி சேதி கொண்டுவந்தாள். அருள்செல்வியைக் கிணற்றிலிருந்து எடுத்தார்களாம். தானாய் விழுந்தாளோ, தள்ளினார்களோ, ரெண்டுக்கும் ஊரில் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் பூவை முழம்போடப் போனாள்.

அன்று சாயங்காலம் செல்வக்கனி வரப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாளும் நின்றாள். அவளிடமும் 'போயிட்டு வா' என்றுதானே சொன்னேன், இதே வாய்தானே, வரட்டும், வந்தால் இந்தத் தடவை பதில் சொல்லுவேன் என்று அந்தப் பெண்ணுக்காகக் கருமாதி நாள்வரை சாயங்காலம் தவறாமல் நின்றாள். கொக்குகள் வந்தன, உப்பு லாரி வந்தது. அருள்செல்வி வரவில்லை.

வராதபோதுதான் செல்வக்கனிக்குப் புரிந்தது. வார்த்தைக்கு அப்படி ஒரு சக்தியும் இல்லை. அந்தப் பெண்ணுக்குத் திரும்பி வந்து உட்கார ஒரு நாற்காலி இல்லை, எதிர்த்துக் கேட்காமல் சோறு போட ஆள் இல்லை, உடம்பு அழுகாமல் பார்த்துக்கொள்ள ஒரு கை இல்லை, அதனால் வரவில்லை. பால்துரைக்கு எல்லாம் இருந்தது. அவனைக் கூப்பிட்டது நாக்கோ என்னவோ, இத்தனை நாளாய் வைத்திருந்தது தன்னுடைய கை என்று அவள் வெடித்த விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவனை அனுப்பச் சொல் தேட வேண்டிய அவசியமே இல்லை, போக வேண்டியவள் தான்தான். அது தெரிந்ததும் அவளுக்கு நிம்மதி வரவில்லை, பயம்தான் வந்தது.

ஐப்பசிக் கடைசியில் மழை இறங்கியது. பாத்திகள் நிரம்பின, வாரிக் குவித்திருந்த உப்புக்குக் கீற்றுப் போட்டு மூடிவிட்டு அளம் நின்றது. மறுநாள் காலையில் தங்கபுஷ்பம் தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு கடகம் உப்போடு வந்தாள். "மைனி, ஈரக்காத்து. அண்ணனுக்கு இன்னைக்கு ரெண்டு தடவ தேய்க்கணும்."

செல்வக்கனி கடகத்தை வாங்கிக் கீழே வைத்தாள். ஆணியிலிருந்து பையை எடுத்தாள். கழுத்தில் உப்பும் வேர்வையும் தின்று நைந்துபோன மஞ்சள் கயிறு இருந்தது, அதைத் தலைவழியே கழற்றி, பை தொங்கிய ஆணியில் மாட்டினாள்.

"ஏட்டி, எங்க போற?"

கால் நின்றுவிட்டது. இவ்வளவு யோசித்தும் நின்றுவிட்டது. 'எங்கயும்' என்ற சொல் அடித்தொண்டைவரை வந்துவிட்டது. அவள் அந்தப் பெண்ணின் கழுத்தை நினைத்தாள். ஐந்து விரலையும் நினைத்தாள்.

"போறேன்" என்றாள்.

பால்துரை மீதிக்காகக் காத்திருந்தான். தங்கபுஷ்பமும் காத்திருந்தாள். அவன் உப்புப் பூத்த வெள்ளை இமைகள் முதல் தடவையாய்த் துடித்தன.

"மைனி, போயிட்டு வாரேன்னாவது சொல்லிட்டுப் போங்க" என்று தங்கபுஷ்பம் அழுதாள். "ஒரு வார்த்த தான, அண்ணன் அதப் பிடிச்சுக்கிட்டு இருப்பான்லா."

"அதுக்குத்தான் சொல்லல, புஷ்பம்."

அவள் வாசலைத் தாண்டியதும் சேதி அவளுக்கு முன்னே ஓடியது. டீக்கடையிலிருந்தவர்கள் இறங்கி வந்தார்கள், பூக்காரி வந்தாள், தலைவர் குடையை விரித்துக்கொண்டு வழியில் நின்றார். "நாளைக்கு வெள்ளிக்கிழமை, தாயி. அத்தன பொம்பளையளும் வருவாளுவ. அவனை யாரு பாப்பா? ஒரு உசுரு... ஒரு உசுரு மாதிரிலா அது."

"கடகத்துல உப்பு இருக்கு அண்ணாச்சி" என்றாள் செல்வக்கனி. "இங்க இத்தன கை இருக்கு. தேய்க்க மனசுள்ளவுக தேய்ங்க."

எல்லோரும் தங்கள் கைகளைப் பார்த்தார்கள். சிலர் பின்னால் கட்டிக்கொண்டார்கள். அந்த இடைவெளியில் அவள் புகுந்து நடந்தாள். "ஏட்டி, எங்க போற, ஏட்டி, எங்க போற" என்று மழைக்கு மேலே அவன் குரல் வந்துகொண்டே இருந்தது. சுடுகாட்டில் குடத்தை உடைத்தவர் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள், அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணீர் வந்தது, அது யாருக்காக என்று அவளுக்கே தெரியவில்லை, அம்மாவுக்காக இருக்கலாம்.

பிற்பாடு ஊர் சொன்னது வேறு கதை. தங்கபுஷ்பம் இரண்டு நாள் தேய்த்தாளாம், மூன்றாம் நாள் அவள் கை வெடித்ததும் அவள் புருஷன் போதும் என்று சொல்லிவிட்டானாம். ஓட்டு விரிசல் வழியே மழை ஒழுகி, பால்துரை தோளிலிருந்து கரைய ஆரம்பித்து, வாய் கரையும்வரை அந்தக் கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்து, கார்த்திகை பிறந்தபோது நாற்காலியில் வேட்டியும் கீழே கொஞ்சம் ஈர உப்பும் மட்டும் கிடந்தனவாம். டீக்கடை போயிற்று, பூக்கடை போயிற்று. புருஷனை ரெண்டு தடவை கொன்றவள் என்று அவளுக்குப் பேர் வைத்தார்கள். அந்தப் பேர் நாகர்கோவில்வரை வந்து, அவள் சாகும்வரை கூடவே இருந்தது, அதை உப்புப் போடாமலே ஊர் கெடாமல் வைத்திருந்தது.

அன்றைக்கு அவளுக்கு அதெல்லாம் தெரியாது. சாலையில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நனைந்தபடி நின்றாள், பஸ் வந்தது, ஏறினாள், கம்பியைப் பிடித்தாள், உள்ளங்கை வெடிப்பில் கம்பி பட்டு எரிந்தது. பஸ் கிளம்பியதும் கண்டக்டர் தோல்பையை ஒதுக்கிக்கொண்டு அவள் பக்கம் வந்தார்.

"எங்கம்மா போணும்?"

'எங்கயும் இல்ல' என்று உதடு அசைந்ததை அவளே உணர்ந்தாள். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, மழை ஒழுகும் ஜன்னலைப் பார்த்தபடி, அவள் எதைச் சொன்னாலும் டிக்கெட் கிழிக்கத் தயாராய் நின்றார்.

"நாகர்கோவில்" என்றாள்.

மழைச் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "எங்க?" என்று மறுபடி கேட்டார்.

இந்தத் தடவை பஸ்ஸில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.